பேச்சுரிமைக்கு எங்கே கோடு போடுவது? மலையக வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

ஹட்டன், நுவரெலியா நீதிமன்றங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சட்டத்தரணியாக நின்றவன் என்ற முறையில், பேச்சுச் சுதந்திரத்தின் எல்லை குறித்து யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சென்ற வாரம் அறிவித்திருந்தேன். வந்த கேள்விகளில் பல ஒன்றையொன்று ஒத்திருந்தபடியால் அவற்றை ஒன்பதாகச் சுருக்கியிருக்கிறேன். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன். சட்டம் என்ன சொல்கிறது, நான் என்ன நினைக்கிறேன் என்ற இரண்டையும் முடிந்தவரை பிரித்தே எழுதுகிறேன்.

தலவாக்கலை, உயர்தர வகுப்பு மாணவர்: ஐயா, அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பேச்சுச் சுதந்திரம் உண்டு என்கிறது. அடுத்த உறுப்புரையே அதை மட்டுப்படுத்தலாம் என்கிறது. கொடுத்ததை உடனே திருப்பி வாங்கிக்கொண்டது போலல்லவா இருக்கிறது?

பதில்: தம்பி, வாங்கிக்கொண்டது உண்மை, ஆனால் முழுவதையும் அல்ல. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை ஒவ்வொரு பிரசைக்கும் பேசவும், கருத்தை வெளியிடவும், பிரசுரிக்கவும் சுதந்திரம் உண்டு என்கிறது. இன, மத நல்லிணக்கம், பாராளுமன்றச் சிறப்புரிமை, நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றமொன்றைச் செய்யத் தூண்டுதல் ஆகியவற்றின் பொருட்டு அதனைச் சட்டத்தால் மட்டுப்படுத்தலாம் என்கிறது 15(2). இவற்றோடு தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், ஒழுக்கம் ஆகியவற்றை 15(7) சேர்த்துக்கொள்கிறது. பட்டியல் நீளமானதுதான். ஆயினும் 'சட்டத்தால்' என்ற சொல்லை அடிக்கோடிட்டுப் படியுங்கள். பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியின் விருப்பமோ, தோட்டத்துரையின் உத்தரவோ, கோயில் பரிபாலன சபையின் தீர்மானமோ சட்டமாகிவிடாது. அத்துடன் சிந்தனை, மனச்சாட்சி, மத நம்பிக்கை ஆகியவற்றைக் காக்கும் 10ஆம் உறுப்புரைக்கு 15இல் எந்தக் கட்டுப்பாடும் இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்; பரீட்சைக்கும் உதவும்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. இந்திய அரசியலமைப்பு கட்டுப்பாடு 'நியாயமானதாக' இருக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. நம்முடையதில் அந்தச் சொல் இல்லை. அதனால் அந்த வேலையை நீதிபதிகளே தீர்ப்புகளின் வழியாகச் செய்ய வேண்டியதாயிற்று. சுவரொட்டி ஒட்டவும் துண்டுப்பிரசுரம் கொடுக்கவும் பொலிஸாரின் முன் அனுமதி வேண்டும் என்ற அவசரகால ஒழுங்குவிதியை 1987இல் ஜோசப் பெரேரா வழக்கில் உயர் நீதிமன்றம் செல்லாதென்று தீர்த்தது அவ்வாறான ஒரு சந்தர்ப்பம். ஆனால் பாராளுமன்றம் நிறைவேற்றிவிட்ட சட்டத்தைப் பின்னர் நீதிமன்றத்தில் எதிர்த்து வீழ்த்த நம் நாட்டில் வழியில்லை; பழைய சட்டங்களையோ 16ஆம் உறுப்புரை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறது. அரசாங்கத்தின்மேல் வெறுப்பூட்டுவதைக் குற்றமாக்கும் 120ஆம் பிரிவு, 1883இல் வெள்ளைக்காரர் இயற்றிய தண்டனைச் சட்டக்கோவையோடு இன்றும் உயிரோடிருப்பதற்கு இதுவே காரணம்.

ஹட்டன், முன்னாள் தோட்டத் தலைவர்: தம்பி, நான் நாற்பது வருடம் தோட்டக் கமிட்டித் தலைவராக இருந்தவன். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் ஒரு வார்த்தை கூடப் பேசியதற்காக வேலை நிறுத்தப்பட்டவர்களைக் கண்டிருக்கிறேன். எங்களுக்கு இந்தச் சுதந்திரம் எப்போதாவது இருந்ததா? எல்லை எங்கே என்று கேட்பதற்கு முன்னால் அதைச் சொல்லுங்கள்.

பதில்: ஐயா, இந்தக் கேள்வியை நான் எதிர்பார்த்திருந்தேன். ஏனென்றால் இலங்கையில் பேச்சுரிமை பற்றிய முதற் பெரும் வழக்குகளுள் ஒன்று நம் மலையிலிருந்து போனதுதான். மடுல்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தொழில் பழக வந்த பிரேஸ்கேர்டில் என்ற அவுஸ்திரேலிய இளைஞர், தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்து வாழ்க்கையைப் பார்த்து மனம் மாறி, 1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டிக் கூட்டத்தில் ஏறி, துரைமார் தொழிலாளரை நடத்தும் விதத்தைக் கண்டித்துப் பேசினார். வெள்ளைத்தோல்காரர் ஒருவர் கூலியாட்களின் முன்னால் நின்று வெள்ளைக்காரரைக் குறை சொல்வதைத் தோட்ட முதலாளிமாரால் தாங்க முடியவில்லை. தேசாதிபதி ஸ்டப்ஸ் அவரை நாடுகடத்த உத்தரவிட்டார். அவரோ தலைமறைவானார், பிறகு மேடையில் தோன்றினார், பிடிபட்டார். மே 18ஆம் திகதி உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அவசரநிலைக்கென வைத்திருந்த அதிகாரத்தை, பேசிய ஒரு காரணத்துக்காக ஒருவர்மேல் பாய்ச்ச முடியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்வதோடு நான் நிறுத்திக்கொள்வதில்லை. பிரேஸ்கேர்டில் பேசினார், வழக்கு நடந்தது, விடுதலையானார். அதே மேடையின் கீழே நின்று கேட்ட தொழிலாளி எழுந்து அதே சொற்களைப் பேசியிருந்தால் அவருக்கு வழக்கு வந்திராது. வேலையிலிருந்து நீக்கும் பற்றுச்சீட்டுத்தான் வந்திருக்கும், மறுநாள் லயக் காம்பிராவும் போயிருக்கும். அதற்கு முன்னரே தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் துணி வியாபாரி போல வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் நுழைந்தார் என்று சொல்லப்படுவதன் பொருளும் இதுதான்: தோட்டம் தனியார் காணி, உள்ளே பேச வருபவர் அத்துமீறியவர். எங்கள் தோட்டத்தில் நான் சிறுவனாயிருந்தபோதும் தொழிற்சங்கப் பேச்சாளர் தார் ரோட்டில்தான் நின்றார், ஏனென்றால் ரோட்டு அரசாங்கத்துடையது. கேட்பவர்கள் தோட்டத்துப் பக்கம் நின்றார்கள். நடுவில் ஒரு வடிகான் ஓடியது. பெற்றோமாக்ஸ் வெளிச்சம் கானைத் தாண்டி எவ்வளவு தூரம் விழுந்ததோ அவ்வளவு தூரமே அன்று எங்களுடைய பேச்சுச் சுதந்திரம்.

சட்டத்தின் கணக்கிலும் பாருங்கள். 14ஆம் உறுப்புரை 'பிரசைக்கு' என்கிறது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நம்மவர்களில் மிகப் பெரும்பான்மையினர் பிரசைகள் அல்லர் ஆனார்கள். அடுத்த ஆண்டே வாக்கும் போனது. 1978 அரசியலமைப்பை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருந்தபடியால், எந்த நாட்டின் பிரசையாகவும் இல்லாமல் இங்கே நிரந்தரமாகச் சட்டப்படி வசித்தவர்களுக்கு இந்த உரிமைகளைப் பத்து ஆண்டுகளுக்கு மாத்திரம் தருவதாக 14(2) என்று ஒரு துணைப்பிரிவு வைத்தார்கள். அடிப்படை உரிமைக்குத் தவணை! 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் நாடற்றிருந்தவர்களுக்குப் பிரசாவுரிமையைத் தந்த பிறகே அந்தத் தவணைக் கணக்குப் பொருளற்றுப் போனது. மாகாண சபைத் தேர்தலை ஒத்திவைத்தது தொடர்பான வழக்கில், வாக்களிப்பதும் கருத்து வெளிப்பாட்டின் ஒரு வடிவமே என்று 1999இல் உயர் நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பை வாசித்தபோது, அப்படியானால் 1949இல் நம்மிடமிருந்து பறித்தது வாக்கை மட்டுமல்ல என்று எனக்குத் தோன்றியது.

ஆகவே எல்லை எங்கே என்று கேட்கும்போதெல்லாம், அந்தக் கோட்டைப் போடப்போவது யார் என்றும் நான் சேர்த்தே கேட்கிறேன். கீழுள்ள பதில்களில் என் சாய்வு எப்பக்கம் என்பதை இதிலிருந்தே அறிந்துகொள்ளலாம்.

திகன, வியாபாரி: 2018 மார்ச்சில் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரத்தில் எங்கள் வீதியில் கடைகள் எரிந்ததைப் பார்த்தவன் நான். அதற்கு முன்னர் பல நாள் பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் என்னென்ன எழுதினார்கள் என்பதும் எனக்குத் தெரியும். உங்களைப் போன்றவர்கள் பேச்சுச் சுதந்திரம் என்று பேசுவது எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது. கோபிக்க வேண்டாம்.

பதில்: நானா, கோபிக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? தெல்தெனியவில் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி இறந்த செய்திக்குப் பிறகு நடந்தவற்றை நான் தூரத்திலிருந்து அறிந்தவனல்லன். வழக்கொன்றுக்காக அந்த வாரம் கண்டியில் தங்கியிருந்தேன். என் கைத்தொலைபேசிக்கும் ஒரு குரல் பதிவு வந்து சேர்ந்தது. முன்பின் அறியாத ஒருவர், எந்தச் சந்தியில் எத்தனை மணிக்குக் கூட வேண்டும் என்று அமைதியாகச் சொன்னார். திட்டவில்லை, ஏசவில்லை, மதத்தின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. அதற்குச் சில நாள்களுக்கு முன் வந்த ஆபாசமான வசைகளைவிட அந்த அமைதியான குரலே என்னை நடுங்க வைத்தது.

என் எல்லைக்கோட்டை நான் கற்றுக்கொண்டது அந்தக் குரலிடமிருந்துதான். ஒரு பேச்சு எவ்வளவு அருவருப்பானது என்பதைவிட, அது யாரை நோக்கி யாரை ஏவுகிறது, அதில் இடமும் நேரமும் இருக்கிறதா, கேட்பவர்கள் ஏற்கெனவே எழுந்து நிற்கிறார்களா, குறிவைக்கப்படுபவருக்கு மறுத்துப் பேச அவகாசம் உண்டா என்பவற்றையே நான் பார்க்கிறேன். சந்தியும் மணியும் சொல்லப்பட்டுவிட்டால் மறுமொழி எழுதி எந்தக் கடையையும் காப்பாற்ற முடியாது. அந்த இடத்தில் பொலிஸார் தலையிடத்தான் வேண்டும்; தலையிடாததே அன்றைய குற்றம். முஸ்லிம்களைக் குழந்தையும் விடாமல் கொல்லச் சொல்லிச் சிங்களத்தில் எழுதப்பட்ட பதிவைப் பற்றி முறையிட்டவர்களுக்கு, அது தங்கள் விதிகளை மீறவில்லை என்று பேஸ்புக் நிறுவனம் பதில் அனுப்பியதும் பதிவாகியிருக்கிறது. 2020 மே மாதத்தில் அந்நிறுவனம் தன் தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டது. அதற்குள் இரண்டு வருடம் கடந்துவிட்டது.

சட்டம் இல்லாமல் போனதால் அது நடக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்துக்கான 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம், அதன் 3ஆம் பிரிவில், பாரபட்சத்தையோ பகைமையையோ வன்முறையையோ தூண்டும் இன, மத வெறுப்புப் பிரசாரத்தைப் பத்து ஆண்டுவரை கடூழியச் சிறைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. நீதவானால் பிணைகூடக் கொடுக்க முடியாது. மேல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். திகன சம்பவத்தில் சிலர் இதன்கீழ் விளக்கமறியலில் வைக்கப்பட்டது உண்மை. ஆனால் அடுத்த ஆண்டு அதே சட்டம் யார்மேல் விழுந்தது என்று பாருங்கள். 2019 ஏப்ரலில், பிக்குமார் வாழ்க்கையைத் தொட்டு எழுதிய சிறுகதைக்காக ஒரு சிங்கள எழுத்தாளர் நான்கு மாதம் உள்ளே இருந்தார். மே மாதத்தில் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண், சட்டையில் தர்மச்சக்கரம் அச்சிட்டிருந்ததாகக் கைது செய்யப்பட்டார். அதில் இருந்தது கப்பலின் சுக்கான் சக்கரம். ஹசலக்கவும் கண்டி மாவட்டம்தான், நானா. உங்களைக் காக்க எழுதிய சட்டம் உங்கள் சகோதரியின் சட்டையில் போய் நின்றது.

இதற்காகச் சட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 3ஆம் பிரிவில் உள்ள 'தூண்டுதல்' என்ற சொல்லை, பொலிஸார் 'மனம் புண்படுதல்' என்று வாசிக்கிறார்கள். அந்த வாசிப்பைத் தடுக்க வேண்டும், பிணை வழங்கும் அதிகாரத்தை நீதவானுக்குக் கொடுக்க வேண்டும் என்கிறேன். அன்று மார்ச் 7 முதல் சுமார் ஒரு வாரம் சமூக ஊடகங்களை முடக்கியதைப் பற்றியும் பலர் கேட்டிருந்தார்கள். முதல் இரண்டு நாளுக்கு அதை நியாயப்படுத்தலாம் என்பதே என் எண்ணம். அதன் பிறகு, தடையைத் தாண்ட உதவும் வீ.பீ.என். செயலியை வைத்துக்கொண்ட வெறியர்கள் தொடர்ந்து எழுதினார்கள், வதந்தியை மறுக்க நினைத்த சாதாரண மக்களே வாயடைத்துப் போனார்கள்.

பொகவந்தலாவை, ஆசிரியை: 'தோட்டக்காட்டான்', 'கள்ளத்தோணி' என்று நம்மைச் சொல்பவர்களைச் சிறையில் போடச் சட்டம் வர வேண்டாமா? கொழும்பில் பயிற்சியின்போது என்னோடு படித்த தமிழ் ஆசிரியை ஒருவரே முதலாவது சொல்லைச் சிரித்துக்கொண்டு சொன்னார்.

பதில்: சிரித்துக்கொண்டு சொன்னதுதான் அதிகம் வலித்திருக்கும், தங்கச்சி. எனக்கும் சட்டக் கல்லூரியில் அது கிடைத்தது. ஆயினும் சிறை என்பதற்கு நான் உடன்படவில்லை. முந்திய பதிலில் சொன்ன இடமும் நேரமும் ஏவலும் இந்தச் சொல்லில் இல்லை. இழிவு மட்டுமே இருக்கிறது. இழிவைக் குற்றமாக்கினால், எது இழிவு என்று முடிவெடுக்கும் பொலிஸ்காரர் நம் லயத்திலிருந்து போனவராக இருக்கமாட்டார்.

ஆனால் அந்தச் சொல்லைச் சொல்பவர் எந்த நாற்காலியில் இருக்கிறார் என்பது வேறு விடயம். பிரதேச செயலகத்தில் பிறப்புச் சான்றிதழுக்கு நிற்கும் பெண்ணைப் பார்த்து உத்தியோகத்தர் அப்படிச் சொன்னால், வகுப்பறையில் ஆசிரியர் ஒரு பிள்ளையைப் பார்த்துச் சொன்னால், அது வெறும் பேச்சல்ல. அரசாங்கத்தின் கை அந்தப் பிள்ளையைத் தள்ளுவதாகும். இனம், பிறந்த இடம் முதலியவற்றால் பாரபட்சம் காட்டலாகாது என்ற 12(2)ஆம் உறுப்புரை அங்கே வேலை செய்யும், ஒழுக்காற்று நடவடிக்கையும் கேட்கலாம். பயிற்சி நிலையத்துத் தோழிக்கு நீங்கள் அந்த இடத்திலேயே பதில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருப்பீர்கள் என்றே நம்புகிறேன்.

மஸ்கெலியா, இளைஞர்: எங்கள் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது ஒவ்வொரு கூடைக்கும் கிலோக்கணக்கில் கழிக்கிறார்கள். தராசைப் படம் பிடித்து, நிறுப்பவரைக் கள்வர் என்று எழுதிப் பதிவிட்டால் என்மேல் வழக்கு வருமா?

பதில்: குற்றவியல் வழக்கு வராது, அவதூறைக் குற்றமாக்கிய பிரிவுகளைப் பாராளுமன்றம் 2002இல் நீக்கிவிட்டது. மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். அங்கே ரோமன் டச்சுச் சட்டம் நடைமுறையில் உள்ளது. அதன்படி நீங்கள் சொன்னது உண்மை என்று காட்டினால் மட்டும் போதாது, அதை வெளியிட்டது பொதுநன்மைக்கு என்றும் காட்ட வேண்டும். நூற்றுக்கணக்கான பெண்களின் கூலியைத் தீர்மானிக்கும் தராசு பொதுநன்மை அல்லவென்று எந்த நீதிபதியும் சொல்லமாட்டார். ஆகவே 'கள்வர்' என்று எழுதுவதைவிட, எந்தத் திகதி, எத்தனை கூடை, துண்டில் எழுதியது எவ்வளவு, வீட்டுத் தராசில் காட்டியது எவ்வளவு என்று எழுதுங்கள். முதலாவது தீர்ப்பு, இரண்டாவது சான்று. சான்றை எழுதியவரை அசைப்பது கடினம்.

இன்னுமொன்று. இதே செய்தியைச் சங்கக் கூட்டத்தில் சொல்வதும், சம்பள நாளிரவு குடித்திருக்கும் ஐம்பது பேரைக் கூட்டிக்கொண்டு அந்த மனிதரின் குவாட்டர்ஸ் வாசலில் நின்று சொல்வதும் ஒன்றல்ல. சொல் ஒன்றாகவே இருக்கலாம். வாசலில் நின்று சொன்னால் நான் உங்களுக்காக வாதாட வருவேன், ஆனால் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வரமாட்டேன்.

வலப்பனை, அரசாங்கப் பாடசாலை ஆசிரியர்: அரசாங்கக் கொள்கையை விமர்சித்து முகநூலில் எழுதலாமா?

பதில்: அரசாங்க ஊழியருக்கான விதித்தொகுப்பான தாபனக் கோவை தடுக்கிறது, 2022இல் சமூக ஊடகக் கருத்துகளும் ஒழுக்காற்று நடவடிக்கைக்கு உரியவை என்று சுற்றறிக்கையும் வந்தது. ஆனால் கோவை அரசியலமைப்புக்கு மேற்பட்டதல்ல. இரகசிய ஆவணத்தை வெளியிடாமல், உத்தியோகப் பெயரைப் பயன்படுத்தாமல் பொதுவிடயத்தைப் பேசுபவரைத் தண்டிப்பது பிழை என்பதே என் நிலைப்பாடு. இடமாற்றக் கடிதம் வந்தால் அதை எதிர்த்துப் போராட எத்தனை மாதம் உங்களிடம் இருக்கிறது என்பதை மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கொஸ்லந்தை, சமூக சேவகி: வெறுப்புப் பேச்சை விடுங்கள். பொய்யையாவது தடைசெய்யலாமே? மழைக்காலம் வந்தால் மண்சரிவு வதந்தியால் நாங்கள் படும் பாடு சொல்லி முடியாது.

பதில்: பொய்யைத் தடுக்கும் எண்ணத்தோடு வந்ததுதான் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம். ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு, பொய்யான கூற்றுகளை நீக்கப் பணிக்கும் அதிகாரம், ஐந்து ஆண்டுவரை சிறை. நான் அதை ஆதரிக்கவில்லை. காரணத்தை உங்கள் ஊரிலிருந்தே சொல்கிறேன்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மீரியபெத்தையில் மலை இறங்கியபோது, புதையுண்டவர்கள் நூற்றுக்கணக்கானோர் என்று முதல் நாள்களில் அதிகாரிகளே சொன்னார்கள். பின்னர் அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. அவர்கள் பொய் சொன்னார்களா? இல்லை; அந்நேரத்தில் தெரிந்ததைச் சொன்னார்கள், அது பிழையாக இருந்தது. அதே பிழையை ஒரு லயத்து இளைஞர் பதிவிட்டிருந்தால் அதற்குப் பெயர் வதந்தி. தவறையும் பொய்யையும் பிரிக்க வேண்டுமானால் சொன்னவரின் மனத்துக்குள் போக வேண்டும். அதை ஆணைக்குழுவொன்று அலுவலகத்தில் இருந்தபடி, சில மணி நேரத்துக்குள் செய்யும் என்பதை நான் நம்பவில்லை.

மற்றொரு பக்கமும் இருக்கிறது. அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்னரே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தும் மக்கள் அங்கேயே இருந்தார்கள், போக வேறு இடம் கொடுக்கப்படவில்லை. அவ்வாறான இடத்தில், சுவரில் வெடிப்பைக் கண்டு நள்ளிரவில் 'மண் இறங்குது, வெளியே வாங்க' என்று கத்துகிற பெண், அதை நிரூபிக்கும்வரை காத்திருக்கக் கூடாது. பத்து முறை அவள் கத்தியது பிழையாகிப் போனாலும், அவளுக்குப் பயம் காட்டும் சட்டம் வேண்டாம். வேண்டுமென்றே பொய் சொல்லி வீடுகளைக் காலிசெய்யவைத்துத் திருடியவரைத் தண்டிக்கத் தண்டனைச் சட்டக்கோவையே போதும். நீங்கள் சொல்லும் பாட்டைக் குறைக்க, பிரதேச செயலகம் மணிக்கொரு முறை தமிழில் அறிவித்தாலே பாதி வதந்தி அடங்கிவிடும். பல இடங்களில் முதலில் வருவது சிங்கள அறிவித்தல். தமிழ் வருவதற்குள் வதந்தி வந்துவிடுகிறது.

நோர்வூட், தப்புக் கலைஞர்: சம்பளப் போராட்டத்தில் தப்பு மேளம் அடித்ததற்குப் பொலிஸார் சத்தம் என்று சொல்லித் தடுத்தார்கள். தப்பு பேச்சில் சேருமா?

பதில்: சேரும், நன்றாகவே சேரும். 1992 ஜூலை 1ஆம் திகதி அரசாங்கத்துக்கு எதிராக 'ஜனகோஷா' என்ற பெயரில், மதிய வேளையில் மணியடித்தும், மேளம் தட்டியும், வாகன ஒலிப்பான்களை ஒலித்தும் எதிர்ப்புக் காட்டும்படி எதிர்க்கட்சிகள் கேட்டிருந்தன. மேளம் அடித்தவரைப் பொலிஸார் தடுத்த வழக்கில், வாய்ச் சொல் இல்லாமல் எழுப்பும் ஓசையும் கருத்து வெளிப்பாடே என்று நீதியரசர் மார்க் பெர்னாண்டோ 1993இல் தீர்ப்பளித்தார். விமர்சனத்தை அடக்கினால் அது பின்னொரு நாள் வன்முறையாய் வெடிக்கும் என்ற கருத்தையும் அதில் எழுதினார்.

முன்னொரு காலத்தில் விடியற்காலையில் தொழிலாளரை எழுப்பிப் பிரட்டுக்கு அழைக்கத் தோட்ட நிர்வாகமே தப்பு அடிப்பித்ததை நினைத்துக்கொள்கிறேன். அப்போது அது சத்தமாக யாருக்கும் படவில்லை.

எல்லை இதிலும் உண்டு. ஒலிபெருக்கிகளை இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பயன்படுத்துவதை உயர் நீதிமன்றம் 2007இல் கட்டுப்படுத்தியது. என்ன பேசுகிறீர்கள் என்று பாராமல், எந்நேரம் எவ்வளவு உரக்க என்று மட்டும் பார்க்கும் இவ்வாறான கட்டுப்பாட்டுக்கு நான் எதிரியல்லன். கோயிலுக்கும் விகாரைக்கும் பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் அது ஒன்றாகவே இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரே விதியை நம் திருவிழாவுக்கு மட்டும் நினைவுபடுத்துகிறவர்களைப் பற்றி எழுதினால் இன்னொரு பக்கம் வேண்டும்.

இராகலை, ஒரு தாய்: சேர், என் மகனுக்குப் பத்தொன்பது வயது. யாரோ எழுதிய மதப் பதிவு ஒன்றை வாசித்தும் வாசியாமலும் பகிர்ந்துவிட்டான். நாளை மறுதினம் பொலிஸுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அவனுடைய அப்பாவுக்கும் எனக்கும் சிங்களம் வாசிக்கத் தெரியாது.

பதில்: அம்மா, இதற்கு எல்லைக்கோட்டுத் தத்துவம் உதவாது, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மகனைத் தனியே அனுப்பாதீர்கள், சட்டத்தரணி ஒருவரோடு அனுப்புங்கள். பதிவைப் பயந்து அழித்துவிடச் சொல்லாதீர்கள். அதன் முழுவடிவமும், மகன் தன் சொல்லாக எதையும் சேர்க்கவில்லை என்பதும் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். எதற்காக அழைத்தார்கள், எந்தச் சட்டத்தின் கீழ் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவென்று சொன்னால் அன்றே எனக்கோ வேறொரு சட்டத்தரணிக்கோ தொலைபேசியில் சொல்லுங்கள், ஏனெனில் பிணைக்கு மேல் நீதிமன்றம் போக வேண்டியிருக்கும்.

வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படி கேளுங்கள். தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் இல்லை என்றால், வரும்வரை காத்திருக்கத் தயார் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். மன்னாரைச் சேர்ந்த ஓர் இளைஞர், தமிழில் எழுதிய கவிதைத் தொகுப்புக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 2020 மே முதல் 2021 டிசம்பர் வரை அடைக்கப்பட்டு, 2023 டிசம்பரில்தான் நிரபராதியென்று விடுவிக்கப்பட்டார். தமிழ் தெரியாதவர்கள் ஒரு தமிழ்ப் பக்கத்துக்குப் பொருள் சொன்னால் எங்கே போய் முடியும் என்பதை அந்த வழக்கு காட்டியது. உங்கள் மகன் வாசிக்காமல் ஒன்றைப் பகிர்ந்தான். வாசிக்காமல் இன்னொன்றில் கையெழுத்தும் வைத்துவிடக் கூடாது. வாசித்துக் காட்டினோம் என்று சொன்னாலும், வாசித்துக் காட்டியதும் எழுதியிருப்பதும் ஒன்றா என்று சட்டத்தரணி பார்த்த பிறகே வைக்கட்டும்.

கைது செய்தால், உரிமை மீறப்பட்ட நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போட வேண்டும். கொழும்புக்குப் போகப் பணமோ ஆளோ உடனே கிடைக்காவிட்டால், அந்த மாதம் முடிவதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் கண்டி அலுவலகத்தில் முறைப்பாடு ஒன்றைப் பதிந்து, பதிந்ததற்கான கடிதத்தை வாங்கி வையுங்கள். ஆணைக்குழு விசாரிக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. நாளை காலை எட்டு மணிக்கு முன்னால் என்னை அழையுங்கள். பொலிஸ் கொடுத்த துண்டையும் மகனின் அடையாள அட்டையையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.